6 அடி டிஷ்ல எல்என்பி எந்த இடத்துல உட்காரணும்? குவியம் கணக்கு வேணும்

ஒற்றியூர்_மாடி:

வணக்கம். இடம் திருவொற்றியூர், கடலுக்கு ரெண்டு தெரு உள்ளே. மொட்டை மாடியில பழைய 6 அடி சாலிட் டிஷ் இருக்கு. உப்புக்காத்துல எல்என்பியை (டிஷ் குவிக்கிற சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்புற கருவி) தாங்குற மூணு கம்பியும் துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு. தகடு இன்னும் உறுதியா இருக்கு. பழைய கம்பியோட நீளம் தெரியாததால எல்என்பியை எவ்வளவு உயரத்துல வைக்கிறதுன்னு தெரியல.

அளவு: விளிம்புக்கு விளிம்பு 183 செ.மீ., நடுவுல ஆழம் 29 செ.மீ. வேண்டிய சாட்டிலைட் 83 டிகிரி கிழக்கு, ஜிசாட்-30, சி பேண்ட். ஒரு பிவிசி பைப்புல எல்என்பியைக் கட்டி 65 செ.மீ. உயரத்துல வெச்சா ஸ்ட்ரென்த் 88 காட்டுது, குவாலிட்டி 0-க்கும் 12-க்கும் நடுவுல ஆடுது.

பக்கத்துலயே ஒரு சின்ன டிஷ், அகலம் 60, உயரம் 65 செ.மீ. இது தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷுக்கு, 93.5 டிகிரி ஜிசாட்-15. குவாலிட்டி 30-ஐத் தாண்டல. மேகம் கூடினாலே படம் கட்டம் கட்டமா உடையுது.

ரெண்டுலயும் என்ன தப்பு? சும்மா நகர்த்தி நகர்த்திப் பார்க்காம கணக்காச் செய்ய வழி இருந்தா சொல்லுங்க.

பரவளையம்:

பெரிய டிஷ்ஷுக்கு உங்க அளவே போதும். விட்டத்தை விட்டத்தால பெருக்கி, அதை ஆழத்தோட 16 மடங்கால வகுத்தா குவியத் தூரம். 183 × 183 = 33489. 16 × 29 = 464. விடை 72.2 செ.மீ. நீங்க வெச்சது 65. ஏழு செ.மீ. உள்ளே போயிருக்கு.

ஏழு செ.மீ. ஏன் இவ்வளவு பெருசுன்னு பார்ப்போம். டிஷ்ஷோட வளைவு பரவளையமா இருக்கிறதே ஒரு காரணத்துக்காகத்தான். அச்சுக்கு இணையா வர்ற அலை நடுவுல பட்டாலும் சரி, விளிம்புல பட்டாலும் சரி, குவியத்துக்கு வந்து சேர நடக்கிற மொத்தத் தூரம் ஒண்ணுதான். அதனால எல்லா அலையும் மேடு மேட்டோட, பள்ளம் பள்ளத்தோட ஒரே கட்டத்துல வந்து ஒண்ணோட ஒண்ணு கூடுது. எல்என்பி குவியத்தை விட்டு அச்சு வழியா நகர்ந்தா, நடுவுலேர்ந்து வர்ற பாதை முழுசா 7 செ.மீ. மாறும். விளிம்புலேர்ந்து வர்றது சுமார் 65 டிகிரி சாய்வா வர்றதால அது 3 செ.மீ.தான் மாறும். வித்தியாசம் 4 செ.மீ. சி பேண்ட் அலைநீளம் ஏறக்குறைய 7.7 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட அரை அலை. விளிம்பு கொண்டுவர்றது நடு கொண்டுவர்றதுக்கு எதிரா நிக்குது. சிக்னல் ஏறக்குறைய பாதி அங்கேயே போச்சு. ஒரு செ.மீ. முன்னப்பின்ன இருந்தா சி பேண்ட்ல பெரிசா தெரியாது. ஏழு தாங்காது.

ஆனா 72.2-ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஆழத்துல 1 செ.மீ. தப்பினா குவியம் ரெண்டரை செ.மீ. தள்ளிப்போகும். விளிம்பு மேல நேரான அலுமினியச் சேனல் ஒண்ணைக் குறுக்கே வெச்சு, அதோட அடிப்பக்கத்துலேர்ந்து டேப் பிடிச்சு அளங்க. நடுவுல தட்டையா ஒரு ஹப் தட்டு இருக்கும், வளைவோட உண்மையான அடி அதுக்குக் கீழே இருக்கு. 25 செ.மீ. அகலத் தட்டுன்னா ஆழம் சுமார் அரை செ.மீ. குறைவாத் தெரியும். அதைச் சேர்த்தா 29.5 ஆகி, குவியம் 71-க்கு வந்துடும். உயரத்தையும் தட்டுலேர்ந்து அளந்தா அந்த அரை செ.மீ.யைக் கழிச்சுக்கணும்.

அளக்கிறதுக்கு முன்னாடி நூல் சோதனை. விளிம்புல எதிரெதிர் புள்ளிகளை ரெண்டு நூலால ப்ளஸ் குறி மாதிரி விறைப்பாக் கட்டுங்க. நடுவுல ரெண்டும் லேசாத் தொட்டுக்கணும். இடைவெளி இருந்தாலோ, ஒண்ணை ஒண்ணு அழுத்தினாலோ டிஷ் முறுக்கிக்கிட்டிருக்கு. நூலை மேல்கீழ் மாத்திக் கட்டி இன்னொரு தடவையும் பாருங்க. சி பேண்டுக்கு 4, 5 மி.மீ. வரைக்கும் தாங்கும். அதே டிஷ்ல கே.யூ. பேண்ட் எடுக்க நினைச்சா ஒன்றரை மி.மீ.க்கு மேல கூடாது, அங்கே அலைநீளம் 2.5 செ.மீ.தான்.

குவியப் புள்ளி எல்என்பி வாயோட விளிம்புல இல்ல. குழாய்க்குள்ள சுமார் 6 மி.மீ. தள்ளி விழணும். கம்பி மாட்டினதும் அந்தப் புள்ளியிலேர்ந்து விளிம்புக்கு நாலு பக்கமும் டேப் பிடிங்க. நாலும் சமமா, குவியத் தூரமும் ஆழமும் கூட்டின அளவா இருக்கணும். 71-ம் 29.5-ம் சேர்ந்தா 100.5. உயரம் சரியா, நடுவுல நிக்குதா, ரெண்டும் இந்த ஒரே அளவுல தெரிஞ்சுடும். பக்கவாட்டுல 2 செ.மீ. விலகினாக்கூட டிஷ் பார்க்கிற திசை எதிர்ப்பக்கமா ஒண்ணரை டிகிரி வரைக்கும் திரும்பிடும்.

எல்என்பி கழுத்துல 0.34, 0.36, 0.38, 0.40, 0.42-னு கோடுகள் இருக்கும். குவியத் தூரத்தை விட்டத்தால வகுத்த எண் அது. உங்களுக்கு 71 ÷ 183, அதாவது 0.39. எல்என்பி வாயைச் சுத்தி முன்னும் பின்னும் நகர்ற வளையத்தை 0.38-க்கும் 0.40-க்கும் நடுவுல நிறுத்துங்க. வளையம் தப்பா இருந்தா எல்என்பி டிஷ்ஷோட ஓரத்தைப் பார்க்காம விட்டுடும், இல்லன்னா ஓரத்தைத் தாண்டிச் சூடான தளத்தைப் பார்த்து இரைச்சலைச் சேர்த்துக்கும்.

பாரிமுனை_ஆர்எஃப்:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா ஸ்ட்ரென்த் 88, குவாலிட்டி 0-ன்னா குவியம் மட்டும் காரணமா இருக்காது தலைவா. ஸ்ட்ரென்த்ங்கிறது கேபிள்ல மொத்தமா எவ்வளவு பவர் வருதுங்கிறதுதான், அதுல குப்பையும் அடக்கம்.

டிஷ்ஷை வடக்குப் பக்கம் காலி வானத்துக்குத் திருப்பிப் பாருங்க. அங்கேயும் 80-க்கு மேல நின்னா அது சாட்டிலைட் இல்ல, 5ஜி டவர். நம்ம ஊர்ல 5ஜி 3300-லேர்ந்து 3670 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. ஜிசாட்-30 சி பேண்ட் 3700-ல ஆரம்பம். பழைய எல்என்பி 3400-லேர்ந்து 4200 வரைக்கும் வாயைத் திறந்து வெச்சிருக்கும். டவர் சிக்னல் உள்ளே புகுந்து முதல் ஆம்ப்ளிஃபயரையே அமுக்கிடும். பிறகு சாட்டிலைட் சிக்னல் வந்தும் வராத மாதிரிதான்.

கேபிள்ல ஃபில்டர் போட்டு பிரயோஜனம் இல்ல, கெட்டது எல்என்பிக்கு உள்ளேயே கெட்டாச்சு. 3700–4200-க்கு ஃபில்டர் உள்ளேயே வர்ற "5ஜி எல்என்பி"-னு கேட்டு வாங்குங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா காட்டுவாங்க. வாங்கும்போது குழாய்க்குள்ள வெள்ளையா டெஃப்லான் தட்டு சொருகியிருக்கான்னு பாருங்க. இருந்தா உருவிடுங்க. அது வட்டத் துருவ சாட்டிலைட்டுக்கு, அதாவது அலை சுழன்றுக்கிட்டே வர்றதுக்கு. அலை ஒரே தளத்துல அதிர்ற நேர்த் துருவத்துல அது பாதி சிக்னலைத் தின்னுடும்.

தண்டையார்பேட்டை_டியூனர்:

சின்ன டிஷ்ஷுக்கு வர்றேன்.

93.5 டிகிரிக்கு திருவொற்றியூர்லேர்ந்து திசை 134 டிகிரி, அதாவது ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. ஏற்றம், அதாவது அடிவானத்துலேர்ந்து மேல்நோக்கின கோணம், 68 டிகிரி. 83-க்கு திசை 168, ஏற்றம் 74. காம்பஸை பைப்புலேர்ந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க, இரும்புக்குப் பக்கத்துல பொய் சொல்லும். தளத்துல இருக்கிற முறுக்குக் கம்பியும் கொஞ்சம் ஆட்டும். போன்ல காம்பஸை விட கூகுள் மேப் சாட்டிலைட் படத்துல தூரத்து டவர் ஒண்ணைக் குறி வெச்சுக்கிறது நம்பிக்கையானது.

சின்ன டிஷ்ல ஒரு குழப்பம் இருக்கு. அது முழுப் பரவளையம் இல்ல, பெரிய பரவளையத்தோட ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனாலதான் எல்என்பி நடுவுல நிக்காம கீழே நிக்குது, நிழலும் டிஷ் மேல விழறதில்ல. முகம் பார்க்கிற திசையை விட சிக்னல் வர்ற திசை மேலே இருக்கும். எவ்வளவு மேலேன்னு உங்க அளவுலேர்ந்தே வரும்: அகலத்தை உயரத்தால வகுத்து, அந்த எண்ணுக்கு எதிர்க் கோசைன் (cos⁻¹) எடுங்க. 60 ÷ 65 = 0.923, கோணம் 22.6. ஏற்றம் 68.2-லேர்ந்து கழிச்சா 45.6. முகத்தை நெட்டுக்குத்துலேர்ந்து 45 டிகிரி பின்னால சாய்க்கணும். முகத்துக்குக் குறுக்கே ரீப்பர் வெச்சு அதுமேல போன்ல லெவல் ஆப் பார்த்தா போதும். நிறைய பேர் வட நாட்டு வீடியோவைப் பார்த்துட்டு டிஷ்ஷை நிமிர்த்தி நிறுத்திடறாங்க. சென்னைக்கு சாட்டிலைட் தலைக்கு மேல இருக்கு, இங்கே டிஷ் மல்லாந்துதான் கிடக்கும்.

உங்க பிரச்னை பெரும்பாலும் இதுவும் இல்ல, எல்என்பி திருகல். 93.5 நமக்குக் கிழக்கே 13 டிகிரி தள்ளி இருக்கு, நாம நிக்கிறது பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே. ரெண்டும் சமமா வந்தா துருவம் 45 டிகிரி சாய்ஞ்சு வரும். கணக்குப் போட்டா 44. எல்என்பியை நேரா மாட்டினா பாதி சிக்னல் போகும், எதிர்த் துருவத்துச் சேனலும் கிட்டத்தட்ட அதே அளவு உள்ளே வரும். குவாலிட்டி 30-ல நிக்கிறதும் மேகத்துக்கே உடையறதும் இதே அடையாளம்.

டிஷ்ஷுக்குப் பின்னால நின்னு, டிஷ் பார்க்கிற பக்கமே பாருங்க. எல்என்பியோட கனெக்டர் நேர் கீழே இருந்தா அது ஆறு மணி. அதை நாலரை மணிக்குத் திருப்புங்க, கடிகார முள்ளுக்கு எதிரா. தப்பான பக்கம் ஏழரைக்குத் திருப்பிட்டா 88 டிகிரி விலகிடும். அப்போ செங்குத்துத் துருவச் சேனல் கிடைத்துருவத்துல லாக் ஆகும், பாக்ஸ்ல லிஸ்ட்ல இருக்கிறது எதுவும் வராது, ஆனா பாக்ஸே எல்லா அலைவரிசையையும் தேடுற பிளைண்ட் ஸ்கேன்ல வரும். அப்படி வந்தா டிஷ்ஷைத் தொடாதீங்க, எல்என்பியை மட்டும் எதிர்ப்பக்கம் கொண்டு வாங்க. 83-க்கு அதே பக்கம் 11 டிகிரி போதும்.

இறுக்கும்போது கவனம். 60 செ.மீ. கே.யூ. டிஷ்ஷோட கற்றை அகலம் சுமார் 3 டிகிரி. ஒண்ணரை டிகிரி விலகினாலே பாதி போச்சு, அது டிஷ் விளிம்புல வெறும் 8 மி.மீ. நட்டை இறுக்கும்போதே அவ்வளவு நகரும். ரெண்டு பக்க நட்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து, கால் சுத்தா இறுக்குங்க, மீட்டர்லேர்ந்து கண்ணை எடுக்காம. இன்னொண்ணு, உங்க 6 அடி சி டிஷ்ஷுக்கும் அதே 3 டிகிரிதான், பெருக்கமும் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணே, 35 டெசிபல். டிஷ் மூணு மடங்கு பெருசு, அலையும் மூணு மடங்கு நீளம்.

ஒற்றியூர்_மாடி:

மூணு பேருக்கும் நன்றி. ஹப் தட்டு 24 செ.மீ., நூல் இடைவெளி 4 மி.மீ. வடக்கே திருப்பினாலும் ஸ்ட்ரென்த் 85, அப்போ 5ஜிதான். சின்ன டிஷ்ல எல்என்பி நேராத்தான் இருந்துச்சு. நாலரைக்குத் திருப்பினதும் குவாலிட்டி 71.

இன்னும் ரெண்டு கேள்வி. பெரிய டிஷ்ல அங்கங்கே துரு, ஒரு இடத்துல உள்ளங்கை அளவு ஒடுக்கு. பட்டி போட்டு நிரவி சில்வர் எனாமல் அடிக்கலாமா? இல்ல முழுசா அலுமினிய ஃபாயில் ஒட்டிட்டா சிக்னல் கூடுமா?

எண்ணூர்_சாம்பல்:

ஃபாயில் வேண்டவே வேண்டாம் சார். 6 அடி டிஷ் மேல மதியம் விழற வெயில் ரெண்டரை கிலோவாட்டுக்குக் குறையாது. பளபளப்பா இருந்தா, சூரியன் டிஷ்ஷுக்கு நேரா வர்ற நாள்ல அத்தனையும் எல்என்பி வாயிலதான் போய்ச் சேரும், மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடி நிமிஷத்துல உருகிடும். கம்பெனி டிஷ் எல்லாம் மங்கலான பெயின்ட்ல வர்றதே இதுக்குத்தான். பெயின்ட்டோட சொரசொரப்பு ஒளி அலைக்கு மலை, அது சிதறிப்போகும். 7 செ.மீ. ரேடியோ அலைக்கு அது ஒண்ணுமே இல்ல, பெயின்ட்டைக் கடந்து தகட்டுல பட்டுத் திரும்பிடும். எனாமல்ல பளபளப்பு வகை தவிர்த்து மேட் சாம்பல் வாங்குங்க. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில கழுவிக் காயவெச்சு, ப்ரைமர் ஒரு கோட், மேட் மெல்லிசா ரெண்டு கோட். உப்பைக் கழுவாம அடிச்சா ஒரே மழைக்காலத்துல உரிஞ்சுடும்.

பட்டி போட்டும் பிரயோஜனம் இல்ல. கண்ணுக்குச் சமமாத் தெரியும், ஆனா அலை பட்டியை ஊடுருவி அடியில இருக்கிற ஒடுங்கின தகட்டுலதான் திரும்பும். பின்னாலேர்ந்து மரச் சுத்தியல்ல தட்டி எடுங்க, முன்பக்கம் மணல் மூட்டையை அணை கொடுத்து. முடியலன்னா பட்டி போட்டு அதுமேல மட்டும் அலுமினிய டேப் ஒட்டி, டேப் மேல மேட் பெயின்ட். 7 மி.மீ.க்குக் கீழே இருக்கிற துரு ஓட்டையை அப்படியே விட்டுடலாம். அலைநீளத்துல பத்துல ஒரு பங்குக்குக் குறைஞ்ச ஓட்டை, அலைக்கு ஓட்டையே இல்ல. ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்புல தகடே கிடையாது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், முழுக்க மெல்லிசான எவர்சில்வர் கம்பி 1100 ஓடுது. அது வேலை செய்யற அலைநீளம் 92 செ.மீ., அதுக்கு அந்த இடைவெளி போதும்.

குவியக் கணக்கைக் கண்ணால பார்க்கணும்னா ஒரு வழி இருக்கு. அலுமினிய டேப்பை 1 செ.மீ. சதுரமா எட்டுத் துண்டு வெட்டி டிஷ்ல நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் பரவலா ஒட்டுங்க. சூரியனை நோக்கித் திருப்பி, எல்என்பி இடத்துல ஒரு அட்டையை மேலேயும் கீழேயும் நகர்த்துங்க. எட்டு வெளிச்சமும் ஒண்ணாச் சேர்ற உயரம்தான் குவியம். சேரும்போது 2 செ.மீ. அளவுக்கு ஒரு திட்டு விழும். ஏழு சேர்ந்து ஒண்ணு மட்டும் தனியாப் போனா அந்த இடத்துல தகடு கோணல். கூலிங் கிளாஸ் போட்டுக்குங்க, முடிச்சதும் துண்டுகளை உரிச்சுடுங்க.

சூரியனாலேயே திசையும் பிடிக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னால வரும், நமக்கு மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும். 83 டிகிரிக்கு மார்ச்ல மதியம் 12.05 வாக்குல, செப்டம்பர்ல 11.45 வாக்குல. 93.5-க்கு 11.15, 11 மணி. அந்த நேரத்துல டிஷ் மேல எந்த நிழலும் விழலன்னா பக்கத்து மாடி தண்ணி டேங்க் மறைக்கலன்னு அர்த்தம். பெரிய டிஷ்ல எல்என்பி நிழல் ஹப் நடுவுல விழுதுன்னா திசை பிசகல. அந்த நாட்கள்ல சில நிமிஷம் படம் போகும், அதுக்காக எதையும் கழட்டிடாதீங்க.

கடலோர_கேபிள்:

டிஷ் நல்லா வந்துடும். உங்க ஏரியாவுல அதுக்கப்புறம் கெடறது கனெக்டர்தான். செங்குத்துத் துருவத்துக்கு 13, கிடைத்துருவத்துக்கு 18 வோல்ட்னு எல்என்பிக்குக் கேபிள் வழியா மேலே போகுது. உப்பு ஈரத்தோட வோல்ட்டேஜ் சேர்ந்தா ஆர்ஜி-6 டிஷ் கேபிளோட நடுக்கம்பி பச்சை பூத்துத் தேய்ஞ்சுடும். மலிவு கேபிள்ல நடுக்கம்பி செம்பு பூசின இரும்பு. பூச்சு போனா துருதான். சாயங்காலம் 18 வோல்ட் சேனல் மட்டும் வராம, 13 வோல்ட் சேனல் வந்துக்கிட்டிருந்தா முதல்ல அங்கே பாருங்க. முழுச் செம்பு கேபிள், முறுக்கற கனெக்டருக்குப் பதில் அமுக்கற கனெக்டர், மேலே தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துக் கீழேர்ந்து மேலே சுத்துங்க. கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு ஏத்துங்க, தண்ணி வளையத்தோட அடியில சொட்டிடும்.

74 டிகிரி ஏற்றத்துல சாலிட் டிஷ் கிட்டத்தட்ட தட்டு மாதிரி மல்லாந்திருக்கும், மழைத்தண்ணி உள்ளே நிக்கும். இருக்கிற நிலையில தண்ணி எங்கே தேங்குதுன்னு ஒரு குடம் ஊத்திப் பார்த்து, அந்த இடத்துல 5 மி.மீ. ட்ரில் மூணு போடுங்க. போடலன்னா கொசுவுக்குத் தனியா தொட்டி வேண்டாம்.

மூணு கம்பிக்கு எவர்சில்வர் ராடும் போல்ட்டும் போடுங்க, மண்ணடி ஹார்டுவேர் கடைகள்ல எடைக்குக் கிடைக்கும். டிஷ் அலுமினியமா இருந்தா எவர்சில்வர் நேராத் தொடக்கூடாது. உப்புக்காத்துல அலுமினியம் அரிச்சிடும். நடுவுல நைலான் வாஷர்.

காத்தைப் பத்தி யாரும் சொல்லல. 6 அடி சாலிட் டிஷ் முகத்துல 100 கி.மீ. வேகக் காத்து அடிச்சா 150 கிலோவுக்கு மேல தள்ளும். 2016 வர்தா அளவுக்கு வேணாம், மார்கழிக்கு முன்னாடி வர்ற சாதாரணப் புயலே போதும். கைப்பிடிச் சுவர்ல ஆங்கர் போடாதீங்க, சுவரோட சேர்ந்து தெருவுல விழும். தளத்துல நாலு கால் ஸ்டாண்ட், ஒவ்வொரு கால்லயும் மணல் மூட்டை ரெண்டு, இதுபோக தூண் கம்பியில ஒரு வயர் கட்டு. புயல் எச்சரிக்கை வந்தா எல்என்பியைக் கழட்டி உள்ளே வெச்சுட்டு டிஷ்ஷைக் குப்புறப் போட்டுக் கட்டிடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஏற்றத்துக்கும் திசைக்கும் பிராக்கெட்டுல பெயின்ட் மார்க்கரால கோடு போட்டுக்குங்க, திரும்ப மாட்ட அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.